இரண்டரை லட்சத்துக்கு என்ன கார் வாங்கலாம்?

கேள்வி: போன மாதம் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி இடித்து எங்கள் 2010 மாடல் வேகன் ஆர் முன்பக்கமும் இடது பக்கமும் நசுங்கிவிட்டது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சரிசெய்கிற செலவு காரின் விலையைத் தாண்டும் என்கிறார் மெக்கானிக். எங்களிடம் இருந்தது வெறும் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ். அப்பாவை டயாலிசிஸுக்கு ஸ்டான்லிக்கு அழைத்துப் போகணும், அதனால் கார் இல்லாமல் முடியாது. கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது. தெரிந்த புரோக்கர் 2012 மாடல் டீசல் செடான் ஒன்றை இரண்டேகால் லட்சத்துக்குக் காட்டுகிறார், 48,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறதாம். எடுக்கலாமா?
வாசகர், திருவொற்றியூர்

பதில்: வேண்டாம். புதிதில் பெட்ரோலைவிடக் கூடுதல் காசு கொடுத்து டீசல் வாங்குகிறவர் நிறைய ஓட்டத்தான் வாங்குவார். அந்தக் காரில் இத்தனை வருடம் கழித்து வெறும் 48,000 என்றால், மீட்டரைத் திருப்பியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். நம்பரை வைத்து அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேட்டுப் பாருங்கள், கடைசியாக அங்கே விட்டபோது எத்தனை கிலோமீட்டர் என்று எழுதியிருப்பார்கள், அதுவே கதையைச் சொல்லிவிடும். அப்படியே கணக்கு உண்மையாக இருந்தாலும் டர்போ, இன்ஜெக்டர் என்று ஒன்று போனால் வருகிற பில் உங்கள் பட்ஜெட்டுக்குத் தாங்காது. திருவொற்றியூருக்கும் ஸ்டான்லிக்கும் போய்வர டீசல் எதற்கு?

இன்னொன்று, இரண்டரை லட்சம் இருக்கிறது என்றால் இரண்டு லட்சத்துக்குத்தான் கார் பார்க்கணும். மிச்சம் ஐம்பதாயிரத்தைத் தொடாதீர்கள். பேர் மாற்றம், இன்ஷூரன்ஸ், நாலு டயர், பேட்டரி, ஆயில், கிளட்ச் என்று முதல் இரண்டு மாதத்தில் அது போய்விடும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ன் 23வது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயரை மாற்றத்தான் வேண்டும், அந்தக் காசை விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

என்ன கார் என்றால், ஓட்டிப் பழகிய வேகன் ஆரையே மறுபடி பாருங்கள், 1 லிட்டர் கே சீரிஸ் என்ஜின் உள்ளது. இல்லையா, ஹூண்டாய் ஐ10. அதில் 1.2 கப்பா என்ஜினுக்கு டைமிங் செயின், 1.1க்கு பெல்ட். பெல்ட் அறுந்தால் என்ஜினே போகும் என்பதால், மாற்றிய பில்லைக் காட்டாத 1.1க்கு அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இந்த இரண்டுக்கும் தெருமுனை மெக்கானிக்கும் கை வைப்பார், பார்ட்ஸும் புதுப்பேட்டை வரை எங்கேயும் கிடைக்கும். ஷெவர்லே 2017ல் இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2022ல் மறைமலை நகரில் உற்பத்தியை நிறுத்தியது. அந்தக் கார்கள் ஓட்ட அருமையாக இருக்கும், விலையும் ஆசை காட்டும், ஆனால் டயாலிசிஸ் நாளன்று பார்ட்ஸுக்குக் காத்திருக்க உங்களால் முடியாது. 2013க்கு முந்திய மாடலைத் தவிர்த்தால் நல்லது. 15 வருடம் முடிந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும், பசுமை வரியும் உண்டு. டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான், அதனால் பழைய கார்களில் டாப் வேரியண்டில் மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறவர் நீங்கள், ஏர்பேக் உள்ளது கிடைத்தால் பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம்.

ஆனால் மாடலைவிட முக்கியம், அந்தக் கார் இத்தனை நாள் எங்கே நின்றது என்பது. நம்ம பக்கத்துக் கார்களுக்கு இரண்டு எதிரி: வெள்ளம், உப்புக் காற்று. 2015ல் ஊரே மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது மணலி, எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்தது. அப்போது மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை, கழுவி, சீட் கவர் மாற்றி, வாசனை ஸ்பிரே அடித்து விற்பனைக்கு நிற்பதும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாருக்கும் பொறுமை இருக்காது, சேற்றுக் கோடு அங்கேதான் தெரியும். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் கை விடுங்கள். சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட், டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பட்டை, இவற்றில் துரு இருந்தால், ஹெட்லைட்டுக்குள் நீர்ப்படலம் தெரிந்தால், பேசாமல் அந்தக் காரை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். நனைந்த ஒயரிங் இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் நிற்கும், எந்த மெக்கானிக்காலும் காரணம் சொல்ல முடியாது.

உப்புக் காற்று வேறு வகை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் வாசலிலேயே நின்ற கார் மேலே பளபளவென்று இருக்கும், அடியில் அரித்திருக்கும். கதவின் கீழ் விளிம்பு, சக்கரத்துக்கு மேல் வளைவு, ஜாக்கி வைக்கும் இடம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். துணி சுற்றிய காந்தத்தை பாடியில் ஓட்டினால், பட்டி பூசின இடத்தில் ஒட்டாது. உங்கள் கார் மாதிரியே நசுங்கி டிங்கரிங் பார்த்ததா என்பதும் அதில் தெரிந்துவிடும். பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறதா, கண்ணாடிகளின் வருடக் குறி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

காலையில், என்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். நீங்கள் வருமுன்னே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் குடிக்கிறது. அப்புறம் மூலக்கடை மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏற்றி அழுத்துங்கள், சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. உங்கள் மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள், புரோக்கர் கூட்டி வருகிற மெக்கானிக் வேண்டாம்.

சரி, பழைய கார். இடித்தது லாரியின் தப்பு என்றால், அந்த லாரியின் தேர்ட் பார்ட்டி பாலிசியில் உங்கள் காருக்கான சேதத்தையும் கேட்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல், படங்கள், ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் மூன்றையும் சேர்த்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு போடணும். அதற்குமுன் காரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போடும்போதும் ஆர்.சி.யைக் காயலான் கடைக்காரர் கையில் கொடுக்காமல் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒப்படைத்து ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சேஸிஸ் நம்பர் வேறு எந்தக் காரிலாவது ஓடிக்கொண்டிருக்கும், போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

கேள்வி: டெல்லி நம்பர் கார் இங்கத்திய விலையைவிட ரொம்பக் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
வாசகி, பெரம்பூர்

பதில்: அங்கே 10 வருடம் தாண்டிய டீசலுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் தடை உத்தரவு வந்ததால்தான் இவ்வளவு மலிவாக வெளியே வருகின்றன. அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கையில் இருக்கணும், இங்கே வரி கட்டணும், டி.என். நம்பர் வாங்கணும். இதையெல்லாம் விற்பவரே முடித்து உங்கள் பேரில் ஆர்.சி. தந்தால் பாருங்கள். ‘அப்புறம் பண்ணிக்கலாம்’ என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் காரை கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கும் கடையில்) விற்றேன். ஃபார்ம் 29, 30ல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள், இன்னும் பேர் மாறவில்லை. பிரச்சினை வருமா?
வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: வரும். ஆர்.சி.யில் யார் பேரோ அவர்தான் ஓனர், விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் உங்கள் கார் நம்பரைப் போட்டு இப்போது யார் பேரில் இருக்கிறது, அபராதம் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விற்ற தேதியோடு ஆர்.டி.ஓ.வுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் எழுதி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். கன்சல்டிங் ஆளிடம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தால் வேலை நடக்காது, நேரில் போய் வாங்கினவர் யார் என்று கேட்டு அவர் ஆதார் நகலை வாங்குங்கள்.