நைசாக ஒரு கேள்வி

கேள்வி: எந்த அறிக்கையை அனுப்பினாலும் என் மேலதிகாரி ‘நைஸ்’ என்று ஒரே சொல்லில் பதில் போடுகிறார். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, சரியான பொருள் என்ன? பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஈரோடு)

பதில்: வேரைத் தோண்டச் சொன்னது நீங்கள், அப்புறம் என்மேல் வருத்தப்படக் கூடாது. லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் ஒன்றும் தெரியாதவன். அது பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் இங்கிலாந்துக்குள் நுழைந்தபோது ‘நைஸ்’ என்பதற்கு மடையன் என்றுதான் பொருள். உங்கள் மேலதிகாரி எந்த நூற்றாண்டுக்காரர் என்று முதலில் விசாரியுங்கள். பிறகு அது எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கிறவரைக் குறித்து, 16ஆம் நூற்றாண்டில் நுட்பமானது, துல்லியமானது என்றாகி, 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் ‘இனிமையானது’ என்ற இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. ‘சில்லி’ என்ற சொல் எதிர்த்திசையில் போயிருக்கிறது: ஒரு காலத்தில் பாக்கியவான், இன்று அசடு. இரண்டும் வழியில் ஏதோ ஒரு ஜங்ஷனில் இறங்கி வண்டி மாறி ஏறியிருக்க வேண்டும். (நம் ‘நாற்றம்’ மணத்திலிருந்து இறங்கிய கதையைச் சொல்லச் சொல்லாதீர்கள், பள்ளிப் பாடத்திலேயே அது நாறிவிட்டது.)

நாள் நைஸ், நடை நைஸ், பெண்கள் நைஸ் என்று எல்லாவற்றுக்கும் இதே சொல்லா என்று ஜேன் ஆஸ்டின் 1817 கடைசியில் வெளிவந்த நாவலிலேயே ஒரு பாத்திரத்தை விட்டுக் கிண்டல் செய்துவிட்டார். ஆங்கிலேயர் திருந்தவில்லை.

நம்மிடம் வந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு வேலையே கிடைத்தது. கடன்காரரைக் கண்டால் நைசாக நழுவுகிறோம், காரியம் ஆக வேண்டுமென்றால் நைஸ் பண்ணுகிறோம். அந்தப் பழைய ‘நுட்பம்’ இங்கிலாந்தில் வக்கீல்களின் வாதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இங்கே கிரைண்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. உளுந்தை நைசாக அரைக்க வேண்டும், இட்லி அரிசியை அப்படி அரைக்கக் கூடாது, கொஞ்சம் ரவைப் பதம் இருக்க வேண்டும், இது தெரியாமல் இரண்டையும் ஒன்றாக மிக்ஸியில் போட்டுச் சுற்றிவிட்டு மாவைக் குறை சொல்கிறவர்களைப் பற்றி இதே பக்கத்தில் எழுதி நான் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. மிக்ஸி கட்சியினரே, மோட்டார் சூட்டில் மாவும் சூடாகும் என்று இப்போதும் சொல்வேன்.

அந்தக் கண்டனக் கடிதங்களில் ஒன்றில் மட்டும் ‘உங்கள் பதில் ரொம்ப நைஸ்’ என்று இருந்தது. கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். நீங்கள் கேட்ட பிறகுதான் அதை எடுத்து இன்னொரு முறை படித்துப் பார்த்தேன்.