மரணம் நடந்த இடங்களுக்குச் சுற்றுலா போவது தவறா?

தவறில்லை என்பேன். இதை ‘இருண்ட சுற்றுலா’ என்கிறார்கள்; 1996-இல் லெனன், ஃபோலி என்ற இரு ஆய்வாளர்கள் வைத்த பெயர். பழக்கமோ அதைவிடப் பழையது. 1815-இல் வாட்டர்லூ போர் முடிந்த கையோடு அந்தக் களத்தைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் துருப்பிடித்த ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது. குண்டு விழுந்த காலையில் 3 வயதுச் சிறுவன் ஒருவன் ஓட்டிக்கொண்டிருந்தது. அன்றிரவே அவன் இறந்துபோனான். அப்பா சைக்கிளையும் அவனோடு வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார். 40 ஆண்டுகள் கழித்து, 1985-இல், தோண்டியெடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இறந்தவர்களின் எண்ணிக்கையைப் படிக்கும்போது வராத கனம் அந்தச் சின்னக் கைப்பிடியைப் பார்த்தால் வந்துவிடும். அதற்காகவே நேரில் போகலாம்.

என்னை உறுத்துவது செல்ஃபிதான். சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸில், அவர்களின் தலைமுடி வைத்திருக்கும் அறையில் படமெடுக்கத் தடை உண்டு. தடை இல்லாத இடத்திலும் தயவுசெய்து சிரித்தபடி போஸ் கொடுக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் தன் பாட்டியின் பெயரைத் தேடி வந்தவராக இருக்கலாம். அண்மையில் பேரிடர் நடந்த ஊர் என்றால், கொஞ்ச காலம் போகட்டும். அங்கே இன்னும் துக்கம் ஆறியிருக்காது.