சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறதா? ராஸ்பெரி பை பழுதும் கடைக்காரரும்: கேள்வி-பதில்

ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினிப் போர்டைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பல, "போர்டு அவுட்" என்ற முடிவோடுதான் தொடங்குகின்றன. அந்த முடிவுக்கு வருவதற்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைச் செய்தால் பல போர்டுகள் பிழைத்துக்கொள்ளும். பிழைக்காதவற்றுக்கும் கடைக்காரரிடம் காட்ட உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

கேள்வி: புது ராஸ்பெரி பை 4. சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை விளக்கு அசையவே இல்லை. திரையும் இருட்டு. கடையில் கேட்டால், "நீங்கள்தான் ஏதோ செய்துவிட்டீர்கள்" என்கிறார்கள்.

பதில்: சிவப்பு விளக்குக்கு அதிக அர்த்தம் இல்லை. 5 வோல்ட் உள்ளே வருகிறது, அவ்வளவுதான். பச்சை விளக்கு, இயங்குதளம் இருக்கும் எஸ்டி கார்டைப் படிக்கும்போது துடிப்பது. அது துடிக்கவில்லை என்றால் கோளாறு கார்டிலும் இருக்கலாம், போர்டிலும் இருக்கலாம்.

முதலில் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சென்சார் வயர், யூஎஸ்பி சாதனங்கள், கேஸ் கூட வேண்டாம். உலோகக் கேஸ் அடிப்பக்கத்தில் பட்டு ஷார்ட் ஆவது உண்டு. எஸ்டி கார்டையும் எடுத்துவிடுங்கள். இரண்டு ஹெச்டிஎம்ஐ துளைகளில் பவர் துளைக்குப் பக்கத்தில் இருப்பதில் கேபிளைச் செருகி, மின்சாரம் கொடுங்கள். பை 4-இன் பூட்லோடர், அதாவது போர்டைத் தொடங்கி வைக்கும் சிறு நிரல், போர்டிலேயே ஒரு சிறு சிப்பில் இருக்கிறது. அது ஓரளவு புதியதாகவும் நல்ல நிலையிலும் இருந்தால், கார்டு இல்லாமலேயே திரையில் போர்டின் விவரங்கள் வரும். வந்துவிட்டால் கார்டை மாற்றுங்கள், வேலை முடிந்தது.

வராவிட்டால் ராஸ்பெரி பை இமேஜர் மென்பொருளில் பூட்லோடரை மீட்கும் இமேஜ் (கார்டில் எழுதும் கோப்பு) இருக்கிறது. அதை வேறொரு கார்டில் எழுதிப் போடுங்கள். வெற்றி என்றால் பச்சை விளக்கு விடாமல் வேகமாகச் சிமிட்டும், திரை முழுக்கப் பச்சையாகும்.

அதுவும் நடக்கவில்லையா? சரி, மல்டிமீட்டரை எடுங்கள். போர்டின் ஓரத்தில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் பின்களில், 17-ஆம் பின்னில் 3.3 வோல்ட் வர வேண்டும். கிரவுண்டுக்கு 25-ஆம் பின். ஒன்றாம் பின்னிலும் 3.3 வோல்ட் உண்டு, ஆனால் அங்கே அளக்காதீர்கள். அதற்கு நேர் பக்கத்தில் இரண்டாம் பின், 5 வோல்ட். மீட்டர் முனை வழுக்கி இரண்டையும் தொட்டால், மின்சாரத்தைப் பங்கிடும் சிப் அந்த நொடியே போய்விடும். முனையை நேராக வைப்பதைவிட, இரண்டு ஜம்பர் வயர்களைப் பின்களில் மாட்டி, மறுமுனையில் அளப்பது பாதுகாப்பு. 5 வோல்ட் வந்தும் 3.3 வோல்ட் வரவில்லை என்றால் போர்டுதான் பழுது. மீட்டரின் எண்ணும் போர்டும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து வையுங்கள். "ஏதோ செய்துவிட்டீர்கள்" என்பவரிடம் அந்தப் படத்தைக் காட்டலாம்.

கேள்வி: பை 5-க்கு 65 வாட் லேப்டாப் சார்ஜர் போட்டிருக்கிறேன். அப்படியும் வெளி ஹார்டு டிஸ்க் அடிக்கடி துண்டித்துக்கொள்கிறது. போர்டை மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. 65 வாட் என்பது 20 வோல்ட்டில் கிடைப்பது. அதே சார்ஜர் 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தரும். பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். அது கிடைக்காதபோது, நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியருக்கு மேல் விடுவதில்லை. சுழலும் டிஸ்க்குக்கு அது எப்படிப் போதும்? பை 5-க்கென்றே வரும் 27 வாட் அடாப்டரைப் போட்டால் வரம்பு 1.6 ஆம்பியராக உயரும்.

பழைய மாடல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரையின் மூலையில் மின்னல் குறி வந்தால், மின்னழுத்தம் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். திரை இல்லாமல் ஓட்டுபவர்கள் 'கெட் திராட்டில்டு' (vcgencmd get_throttled) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். விடை வெறும் சைபர் என்றால் நிம்மதி. 50005 என்று முடிந்தால் இந்த நிமிடமும் மின்சாரம் போதவில்லை. 50000 என்றால் இப்போது சரியாக இருக்கிறது, ஆனால் பூட் ஆன பிறகு எப்போதோ குறைந்திருக்கிறது. அடாப்டரைச் சந்தேகிப்பதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். மெல்லிய, நீளமான கேபிளே அரை வோல்ட்டைத் தின்றுவிடும்.

கேள்வி: தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரை நேரடியாக இணைத்தேன். ஒரு மணி நேரம் ஓடியது, இப்போது அந்தப் பின் வேலை செய்யவில்லை. வாரண்டியில் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். அந்த சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் அனுப்பும். பை-யின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவே 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர்களைப் போட்டிருந்தால் 5 வோல்ட் 3.3 ஆகக் குறைந்திருக்கும். சில ரூபாய்ச் செலவுதான். இப்படி நம் கையால் போன போர்டை "வந்ததே இப்படித்தான்" என்று திருப்பி அனுப்பினால், அடுத்து நிஜமாகவே பழுதான போர்டோடு வருபவரைக் கடைக்காரர் நம்ப மாட்டார். முதல் கேள்வி கேட்டவர் படும் பாடு அதுதான். மற்ற பின்கள் நன்றாக இருந்தால் அந்த ஒரு பின்னை விட்டுவிட்டு போர்டைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஆரஞ்சு பை என்ற வேறு நிறுவனப் போர்டை வாங்கினேன். ராஸ்பெரி பை-யில் ஓடிய கார்டை அப்படியே போட்டேன். ஒன்றும் வரவில்லை.

பதில்: வராது. சிப் வேறு, இமேஜும் வேறு. உங்கள் மாடலுக்கென்று தயாரிப்பாளர் தரும் இமேஜையோ, இத்தகைய போர்டுகளுக்கான லினக்ஸான ஆர்ம்பியனையோ எழுதிப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய போர்டு வந்த நாளிலிருந்தே பூட் ஆகவில்லை. விற்றவர், "தயாரிப்பாளரிடம் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பதில் போடுவதையே நிறுத்திவிட்டார்.

பதில்: எனக்குக் கோபம் வரும் இடம் இது. பணம் வாங்கியவர் விற்பனையாளர். பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியவரும் அவர்தான். இந்தியாவில் 2020-இன் மின்வணிக விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஆனால் எழுதும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. "போர்டு வேலை செய்யல, பணத்தைத் திருப்பிக் கொடுங்க" என்று எழுதினால், "வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள்" என்று பதில் வரும். அப்புறம் "வேறு கார்டு". இப்படியே நாட்கள் ஓடி, திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும். அவர்கள் கேட்கப்போவதற்கெல்லாம் முதல் கடிதத்திலேயே பதில் சொல்லிவிடுங்கள். இப்படி:

"ஆர்டர் எண் இது, போர்டு கைக்கு வந்த தேதி இது. 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரில், வேறெதையும் இணைக்காமல் சோதித்தேன். இரண்டு கார்டுகளில் புதிதாக இமேஜ் எழுதிப் போட்டேன். பூட்லோடர் மீட்பும் நடக்கவில்லை. அதே அடாப்டரும் கார்டும் இன்னொரு பை 4-இல் வேலை செய்கின்றன. இருபக்கப் படமும் வீடியோவும் இணைத்துள்ளேன். மாற்றுப் போர்டு அல்லது முழுப் பணம் வேண்டும்."

இதைப் படிப்பவருக்குத் திருப்பிக் கேட்க எதுவும் மிஞ்சாது. இன்னொரு பை கையில் இல்லையென்றால் நண்பரிடமோ கல்லூரி லேபிலோ கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு வரிக்குத்தான் பலம் அதிகம். எதையும் போனில் முடிக்காதீர்கள். போனில் பேசினாலும், "இன்று நீங்கள் சொன்னபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பது கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒன்று கவனியுங்கள்: வியாபாரத்துக்காக மொத்தமாக வாங்கியிருந்தால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் நுகர்வோர் ஆக மாட்டீர்கள். சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்றால் விலக்கு உண்டு.

கேள்வி: பழைய பை 4 ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: உங்கள் கண்முன்னே பூட் செய்து காட்டினால் வாங்கலாம். நான்கு யூஎஸ்பி துளைகளிலும் ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். இரண்டு ஹெச்டிஎம்ஐ-யும், வைஃபையும் பார்த்துவிடுங்கள். 2019-இல் வந்த முதல் பை 4-களின் யூஎஸ்பி-சி துளையில் ஒரு ரெசிஸ்டர் குறை உண்டு. உள்ளே சிப் வைத்த விலை கூடிய கேபிள்களோடு போட்டால், சார்ஜர் அதை ஆடியோ சாதனம் என்று எண்ணி மின்சாரமே தராது. சாதாரணக் கேபிளில் அதே போர்டு நன்றாக ஓடும். அதனால் விற்பவர் வீட்டுக்குப் போகும்போது உங்கள் அடாப்டரையும் கேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள்.