அலாய் வீலைக் கீறாமல் கழுவுவது எப்படி: கேள்வி பதில்

கும்பகோணத்தில் வாட்டர் வாஷ் பட்டறை வைத்திருக்கிறேன். வீல் கழுவுவது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றதற்கு வந்த கேள்விகள் இவை.

மன்னார்குடி: அண்ணே, புது கார். வாராவாரம் நானே கழுவுகிறேன், ஸ்க்ரப்பர்கூடப் போடுவதில்லை, பழைய பனியன் துணிதான். ஆனாலும் வெயிலில் பார்த்தால் வீல் முழுக்க மெல்லிய கோடுகள்.

துணி மேல் பழி போடாதீர்கள் தம்பி. துணிக்கும் வீலுக்கும் நடுவில் மாட்டுகிற மணல்தான் கீறுகிறது. அலாய் மேல் கார் பாடியில் இருப்பது போலவே ஒரு கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு உண்டு, நீங்கள் பார்க்கிற கோடெல்லாம் அதில் விழுந்தவை. நம் பக்கத்துக் களிமண் காய்ந்தபின் கை வைத்தாலே தப்பு. முதலில் டியூப்பை வைத்து நன்றாக நனையுங்கள், ஐந்து நிமிடம் விடுங்கள், மறுபடி அடியுங்கள், மண் தானாகக் கரைந்து விழட்டும், அப்புறம்தான் ஷாம்பூவும் மைக்ரோஃபைபர் துணியும். வீலுக்குத் தனி வாளி, தனி துணி. அந்தத் துணி பாடிப் பக்கம் போகவே கூடாது. தரையில் விழுந்துவிட்டால் அலசாமல் திரும்ப எடுக்காதீர்கள், பாதிக் கீறல் இப்படித்தான் வருகிறது.

மயிலாடுதுறை: புல்லட்டின் குரோம் ரிம்முக்குப் பாத்திரம் தேய்க்கிற பவுடர் போடலாமா? வைக்கோல் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்கிறார் அப்பா.

இரண்டுமே வேண்டாம். பவுடரில் இருப்பது பொடித்த கல். வைக்கோலில் மணலில் இருக்கிற அதே சிலிக்கா இருக்கிறது, பித்தளை அண்டா அதில் பளபளப்பதும் அதனால்தான். அப்பாவிடம் அண்டாவையே கொடுத்துவிடுங்கள்.

திருவாரூர்: சார், அறுவடை சமயத்தில் வயல் வரப்பு வரை காரைக் கொண்டுபோனேன். வெளியே கழுவியாயிற்று. ஆனால் 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் ஆடுகிறது. அலைன்மென்ட் போய்விட்டதா?

அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் ஸ்போக் இடுக்கில் கையை விட்டு ரிம்மின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும், இன்னொரு பக்கம் அடை மாதிரி மண் கெட்டியாக ஒட்டியிருக்கும். சேற்றோடு வண்டியை நிறுத்தினால் அது கீழே வழிந்து ரிம்மின் அடியில் தங்கி அப்படியே காய்ந்துவிடும். அந்த எடை ஒரு பக்கமாகச் சேர்ந்து, வேகம் கூடும்போது வீலை உதறுகிறது. அறுவடை முடிந்த கையோடு இதே புகாரோடு நிறையப் பேர் பட்டறைக்கு வருவார்கள்.

ஆனால் ஸ்க்ரூ டிரைவர் போட்டு நோண்டாதீர்கள். பெயின்ட் போவது ஒரு பக்கம், உள்ளே வீல் சீராகச் சுற்றுவதற்காகச் சின்னச் சின்னப் பட்டையாக ஒட்டியிருக்கும் பேலன்சிங் வெயிட்டும் பெயர்ந்து வந்துவிடும். பிறகு நிஜமாகவே வீல் ஆடும். ஈரச் சாக்கை உள்ளே திணித்து அரை மணி நேரம் ஊறவிட்டு, நீளக் கைப்பிடி வைத்த மெத்தென்ற பிரஷ்ஷால் தள்ளுங்கள். வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி மிச்சத்தையும் எடுங்கள். அதன் பிறகும் ஆடினால் பேலன்சிங் போடுங்கள்.

கும்பகோணம்: வெள்ளி நிற வீலில் பழுப்பு நிறப் புள்ளிகள். ஷாம்பூவுக்குப் போகவில்லை. ஒரு கடையில் ஏதோ அடித்தார்கள், இரண்டே நிமிடத்தில் போய்விட்டது. நல்லதுதானே?

அவ்வளவு சீக்கிரம் போனதே எனக்குப் பிடிக்கவில்லை. அது ஆசிடாக இருக்கலாம், அடிக்கடி போட்டால் கிளியர் கோட் மங்கும், அடிக்கிறவர் கைக்கும் ஆபத்து. அந்தப் புள்ளிகள் பிரேக்கிலிருந்து சூடாகப் பறந்து வந்து பதிந்த இரும்புத் துகள், பிறகு துருப்பிடித்தவை. இதற்கென்றே அயர்ன் ரிமூவர் கிடைக்கிறது, நாற்றம் குடலைப் புரட்டும். அமிலம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். இரும்பில் பட்டதும் ஊதா நிறத்தில் வழியும். வீல் ஆறியிருக்க வேண்டும், நிழலில் அடிக்க வேண்டும், காய்வதற்குள் அலசிவிட வேண்டும்.

நாகப்பட்டினம்: டைமண்ட் கட் வீலில், அதாவது முகத்தை மெஷினில் சீவிப் பளபளப்பாக்கிய வீலில், லேக்கருக்கு அடியில் வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள். எதைப் போட்டுக் கழுவினால் போகும்?

எதைப் போட்டாலும் போகாது சார். லேக்கரில், அதாவது மேலே இருக்கிற கண்ணாடி மாதிரிப் பூச்சில், எங்கோ சின்ன அடிபட்டு, அந்த வழியாக ஈரமும் உப்பும் உள்ளே போய் அலுமினியத்தை அரிக்கிறது. உரித்துவிட்டுத் திரும்பக் கோட்டிங் போடுவதுதான் வழி. மீதி வீல்களையாவது காப்பாற்றுங்கள். கடற்கரைப் பக்கம் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள். வேதாரண்யம் பக்கமெல்லாம் போர் தண்ணீரே உப்பாக இருக்கும், அதில் கழுவித் துடைக்காமல் காயவிட்டால் கழுவாமலே இருந்திருக்கலாம்.

தஞ்சாவூர்: சாலை வேலை நடக்கிற இடத்தில் போய் வீலெல்லாம் தார்.

நகத்தால் சுரண்டாதீர்கள். தார் ரிமூவர் இல்லையென்றால் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருங்கள், இளகும். பிரேக் டிஸ்க்கில் மட்டும் ஒரு சொட்டும் படக் கூடாது. பிறகு ஷாம்பூ போட்டு எண்ணெயை எடுத்துவிடுங்கள்.

பட்டுக்கோட்டை: அண்ணே, நேற்றுக் கழுவினேன், காலையில் பார்த்தால் பிரேக் டிஸ்க் முழுக்கத் துரு!

பயப்படாதீர்கள்மா, டிஸ்க் வார்ப்பிரும்பு, ஈரம் பட்டால் ஒரே இரவில் மேலோட்டமாகப் பிடிக்கும், இரண்டு மூன்று முறை பிரேக் போட்டால் போய்விடும். இனிமேல் கழுவியதும் தெருமுனை வரை மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாக நாலு தடவை மிதித்து, காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.