காலாண்டுத் தேர்வில் தோற்றதற்காகக் கோ-கோவை நிறுத்தலாமா?

மகள் ஒன்பதாம் வகுப்பு, காலாண்டில் கணக்கில் ஃபெயில், புத்தகத்தைத் தொடுவதே இல்லை, கோ-கோ அணியிலிருந்து நிறுத்தினால் படிப்பாளா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த ஓட்டம் என்று உறவுக்காரர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள்.

அந்த வயதில் எனக்குப் பள்ளிக்கூடம் போகவே பிடிக்காது. திண்டுக்கல் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி என்று படுத்துவிடுவேன். அணிக்கு ஆள் குறைகிறது என்றுதான் பி.டி. டீச்சர் என்னைக் கூப்பிட்டார். கோ-கோவில் விரட்டும் அணியில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தி விரட்டுவாள். விரட்டுகிறவள் பின்னாலிருந்து தட்டி 'கோ' என்று சொல்லும் வரை எழக்கூடாது. எழுந்து ஒரு பக்கம் ஓட ஆரம்பித்தால் வரிசையின் முனையில் இருக்கும் கம்பத்தைத் தாண்டும் வரை திரும்பக்கூடாது. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு ஒன்பது நிமிடம் ஓடுகிறவளுக்கு இயற்கணிதம் வராதா என்று டீச்சர் எங்கள் கணக்கு டீச்சரிடமே கேட்டார். என் காதில் விழுந்தது. என்னைப் பற்றி ஒருவர் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் வயிற்று வலி வரவில்லை. நான் போகாவிட்டால் வரிசையில் ஒரு இடம் காலி, பயிற்சியே நடக்காது. வகுப்புக்கு வராதவளுக்கு மைதானமும் கிடையாது என்பது டீச்சர் வைத்த சட்டம். அணியில் கணக்கு நன்றாக வரும் அக்கா ஒருத்தி இருந்தாள். காலைப் பயிற்சி முடிந்து மணி அடிப்பதற்குள் வேப்பமரத்தடியில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பாள். டியூஷனில் புரியாதது அங்கே புரிந்தது. பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் குறுவட்டப் போட்டியில் ஜெயித்தோம், அதற்கு மேலான வருவாய் மாவட்டப் போட்டியில் தோற்றோம். பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண்ணே வாங்கினேன்.

உடனே 'எல்லாரும் விளையாடப் போனால் யார் படிப்பது' என்று சிலர் வருவார்கள். படிப்பு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? சான்றிதழுக்காக விளையாடச் சொல்லவும் இல்லை. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, ஆனால் குறுவட்டத்தோடு நிற்கிற பிள்ளைக்கு அது எட்டாது. 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையை நம் பெண்கள் அணிதான் வென்றது. உங்கள் மகள் அந்த அளவுக்குப் போக வேண்டும் என்றில்லை. காலையில் தானாக எழுந்து கிளம்புகிறாள் இல்லையா, நான் சொல்வது அதைத்தான்.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் பஸ் மேல். மாலைப் பயிற்சி முடிந்து சீருடையோடு நிறுத்தத்தில் நின்றால், இலவச பாஸ் பிள்ளைகள் என்று தெரிந்ததும் நிறுத்தாமல் போவார்கள். இருட்டிய பிறகு வீடு சேர்ந்து, அதற்கும் அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். பல பெண்கள் அணியை விட்டுப் போனது மதிப்பெண்ணால் இல்லை, இந்த பஸ்ஸால். எங்கள் ஊர்ப் பக்கம் இன்றும் அப்படித்தான் என்று என் அண்ணன் மகள் சொல்கிறாள். யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, உங்கள் விஷயம். பி.டி. டீச்சரைப் போய்ப் பாருங்கள். மாலைப் பயிற்சியைக் காலைக்கு மாற்ற முடியுமா, அணியில் கணக்கு வருகிற பிள்ளை யாராவது இருக்கிறாளா என்று கேளுங்கள். அரையாண்டு வரைக்கும் பொறுத்துப் பாருங்கள். அதற்குள் குறுவட்டப் போட்டி வந்தால் லீவு போட்டுவிட்டாவது மைதானத்துக்குப் போங்கள்.