கடற்கரை மணலில் படரும் அடம்பங்கொடியை வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

கேள்வி: இணையத்தில் அடம்பங்கொடி என்று படம் போட்டு ஆறு கன்று 900 ரூபாய்க்கு அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் இடுப்பு உயரம் நிமிர்ந்துவிட்டது, படரவே இல்லை. நெய்வேலிக் காட்டாமணக்கு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். திருப்பித் தரும் கெடு முடிந்துவிட்டது என்கிறார் விற்றவர். (வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: இலையைப் பாருங்கள் அம்மா. அடம்பின் இலை தடிப்பாக, நுனி இரண்டாகப் பிளந்து குளம்பு போல இருக்கும். காட்டாமணக்கின் இலை இதய வடிவில் நுனி கூர்ந்து நீளும். பூ இரண்டுக்கும் ஒரே சாயல். அதனால்தான் இந்தப் புரட்டு எடுபடுகிறது. வீட்டில் ஆடு இருந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள், காட்டாமணக்கு ஆட்டுக்கு நஞ்சு. வெட்டிய தண்டைக் குளத்திலோ வாய்க்காலிலோ போடாதீர்கள், அங்கேயே வேர்விட்டுவிடும்.

கெடு என்ற பேச்சுக்கு மசியாதீர்கள். நீங்கள் மனம் மாறித் திருப்பவில்லை. கேட்ட பொருளை அவர் தரவே இல்லை. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் படம், பில்லோடு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். 900 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மாடியில் பந்தல் போட்டு ஏற்றலாமா?

பதில்: கூடாது. அது தரையில் ஓடும் கொடி. பந்தலுக்குச் சங்குப்பூ வாங்குங்கள்.

கேள்வி: ஐம்பது விதை வாங்கிப் போட்டேன். ஒன்றும் முளைக்கவில்லை. விற்றவர் மீது வழக்குப் போடலாமா? பொட்டலத்தின் படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய படத்திலேயே "தோலைத் தேய்த்து ஊறவைக்கவும்" என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் வழக்குக்கு வழி கேட்டால் நான் என்ன சொல்ல? கடல் நீரில் மிதந்து கரை சேரும் விதை அது. தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. விதைக்கண்ணை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் உப்புத்தாளில் தேய்த்து, இரவு முழுக்க வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். உப்பியதை மட்டும் மணலில் ஊன்றுங்கள். உப்பாததை மறுபடி தேய்க்க வேண்டும்.

கேள்வி: நர்சரியில் பை 150 ரூபாய்க்கு வாங்கியது பத்து நாளில் வாடிவிட்டது. என் கவனிப்பில் குறையா? (வாசகர், கடலூர்)

பதில்: உங்கள் குறை இல்லை. ஈசிஆர் ஓரம் ஒரு தோட்டத்தில் நானும் இரண்டு பை வாங்கியிருக்கிறேன். வாடிய பிறகு பையைக் கிழித்தால் செம்மண்ணுக்குள் ஒரு முழத் தண்டு, ஒரு வேர்கூட இல்லை. கத்தி பட்ட வாய் கறுத்து அழுகியிருந்தது.

அடம்பு கணுவுக்குக் கணு வேர்விட்டுப் போகிறது. அந்த வேர்கள்தான் மணல்மேட்டைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைக்கின்றன. கடற்கரையில் இழுத்துப் பிய்க்கும்போது வேரெல்லாம் மணலிலேயே அறுந்து நின்றுவிடும். வெறும் தண்டு பைக்கு வரும். வாங்கியவருக்கும் நட்டம், மேட்டுக்கும் நட்டம். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளை 1அ என்ற மிகக் கடுமையான பிரிவில் வைத்திருக்கிறது. அங்கே இருந்து பிடுங்கிப் பையில் அடைத்து விற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. எங்கே வளர்த்தது என்று கேளுங்கள். பையின் அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். தண்டை லேசாக இழுங்கள். கையோடு வந்தால் அது பிடுங்கி வந்தது. பில் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: மூட்டுவலிக்கு அடம்பு இலைப் பொடி, 100 கிராம் 650 ரூபாய். வாங்கலாமா?

பதில்: லேபிளில் தயாரிப்பு உரிம எண் இல்லையென்றால் வேண்டாம். இருந்தாலும் சித்த மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

கேள்வி: அடுக்குமாடி பால்கனி. காலையில் இரண்டு மணி நேரம் வெயில் வரும். தொட்டி, தென்னைநார்க் கழிவு, கன்று சேர்த்து 1,500 ரூபாய் என்கிறார்கள்.

பதில்: வாங்காதீர்கள். நாள் முழுக்க வெயில் இல்லாமல் பூக்காது. நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைத்து வேரை அழுக வைக்கும். வெயில் உள்ள தரை கிடைத்தால் மணல் கொட்டி நடுங்கள், வேர் பிடித்த பிறகு தண்ணீரைக் குறையுங்கள். உரம் வேண்டாம்.