80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்றால் லாபம் எத்தனை சதவீதம்?

கேள்வி: திண்டுக்கல்லில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு, "80 ரூபாய்க்கு வாங்கியதை 100 ரூபாய்க்கு விற்றால் லாபம் 20 சதவீதம்" என்று சொல்லிக்கொடுத்தேன். தேர்வில் அப்படியே எழுதினான். தவறு, 25 என்று திருத்திவிட்டார்கள். அதிலிருந்து சதவீதக் கணக்கு என்றாலே ஒதுங்குகிறான். இதற்கென்றே ஒரு மாதப் பயிற்சி நடத்தும் டியூஷனில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் மகனுக்குக் கணக்கு வராமல் போகவில்லை. எந்தத் தொகையை நூறாக வைத்துக்கொள்வது என்பதில்தான் உங்கள் கடையும் அவன் புத்தகமும் பிரிகின்றன. கல்லாவில் விழும் நூறு ரூபாயில் கையில் நிற்பது எவ்வளவு என்று நீங்கள் பார்க்கிறீர்கள்; ஆகவே 20. பள்ளிக் கணக்கிலோ லாபமும் நட்டமும் எப்போதும் அடக்க விலையின் மேல்தான். போட்ட 80 ரூபாய்க்கு 20 கிடைத்தது. 80-இல் 20 கால் பங்கு. கால் என்றால் நூற்றுக்கு 25.

இதையே 40-க்கு வாங்கி 100-க்கு விற்பதாக மாற்றிக் காட்டுங்கள். உங்கள் கணக்கில் லாபம் 60 சதவீதம், புத்தகக் கணக்கில் 150. சதவீதம் நூறைத் தாண்டுமா என்று திகைப்பான். திகைக்கட்டும்; பாடம் அங்கேதான் பிடிபடும்.

முப்பது ஆண்டு கணக்கு நடத்தியவன் என்பதால் எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. "இந்த 20 எப்படி வந்தது?" என்று அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அப்பாவின் கடையே வகுப்புக்குப் பாடமாகியிருக்கும். பாடத்தை முடி, மதிப்பெண் பட்டியலைக் கொடு என்று ஆசிரியரை விரட்டும் ஏற்பாட்டில் அந்தக் கேள்விக்கு நேரமே இல்லை. சிவப்பு மையில் ஒரு சுழி, அவ்வளவுதான்.

வீட்டுப் பயிற்சிக்குத் தினமும் பத்து நிமிடம் போதும், அதுவும் வாய்க்கணக்காக. 640-இல் 15 சதவீதம் எவ்வளவு? 10 சதவீதம் 64, அதில் பாதி 32, சேர்த்தால் 96. 25-இல் 16 சதவீதம் என்று தடுமாறினால் திருப்பிப் போடச் சொல்லுங்கள்: 16-இல் 25 சதவீதம், அதாவது கால் பங்கு, 4. இரண்டும் ஒன்றுதான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அரைக்கால், வீசம், மா என்ற பழைய கணக்கைக் கேட்டு வாங்குங்கள். அரைக்கால் நூற்றுக்கு 12½, வீசம் 6¼, ஒரு மா 5.

எந்தக் கணக்கானாலும் முதலில் "எதில்?" என்று கேட்கப் பழக்குங்கள். 8 கிராம் சங்கிலிக்குச் சேதாரம் 12 சதவீதம் என்றால் 0.96 கிராம். "சேதாரத்தில் 50 சதவீதம் தள்ளுபடி" என்றால் குறைவது அந்த 0.96-இல் பாதி மட்டுமே. நகையின் விலையில் பாதி என்று நினைத்துக் கடையேறுகிற பெரியவர்களையே பார்த்திருக்கிறேன்.

ஓரிடத்தில் மட்டும் கூடுதலாக நின்று சொல்லிக்கொடுங்கள். சில கணக்குகளில் அந்த நூறு கண்ணுக்குத் தெரியாது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180 ரூபாய் என்று பில் இருக்கிறது. வரிக்கு முந்தைய விலை என்ன? பிள்ளைகள் உடனே 1,180-இல் 18 சதவீதம் கண்டு, 212 ரூபாய் 40 காசைக் கழித்துவிடுவார்கள். விடை 967 ரூபாய் 60 காசு என்று வரும். அது தவறு. வரி போட்டது பழைய விலையின் மேல். அந்த விலை 100 என்றால் பில் 118. ஆகவே 1,180-ஐ 118-ஆல் வகுத்து நூறால் பெருக்க வேண்டும்: 1,000 ரூபாய். சரிதானா என்று பார்க்க, 1,000-க்கு 18 சதவீதம் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கடை பில்களை வைத்தே இப்படிப் பத்துக் கணக்குப் போடலாம். தள்ளுபடி போன விலையிலிருந்து குறித்த விலையைக் கண்டுபிடிப்பதும் இதே வழிதான்.

இப்போது டியூஷன். பள்ளி வாசலில் துண்டுச் சீட்டு கொடுத்து, "இலவசத் தேர்வு" வைத்து, பிள்ளை பலவீனமாக இருக்கிறான் என்று பெற்றோரைப் பயமுறுத்திப் பணம் கட்டவைப்பவர்களிடம் தயவுசெய்து சிக்காதீர்கள். சேர்த்துவிடுபவருக்குக் கமிஷன் தரும் இடங்களும் உண்டு. உங்களுக்குச் சொன்னவருக்கு அதில் என்ன பங்கு என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். அங்கே தருவது பெரும்பாலும் ஒரு தாள் நிறையக் குறுக்குவழிச் சூத்திரங்கள். கேள்வியில் ஒரு சொல் மாறினாலும் எந்தச் சூத்திரம் என்று தெரியாமல் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிடுவான்.

அடுத்த தேர்வில் லாபச் சதவீதம் கேட்டால் அடக்க விலையை நூறாக வைத்தே எழுதட்டும். கேள்வியிலேயே "விற்ற விலையில்" என்று அச்சாகியிருந்தால் மட்டும் உங்கள் கடைக் கணக்கைப் போடலாம்.